யாரோட டவர்?

புகார் கொடுத்து மூணு நாள்கூட ஆகவில்லை, மெசேஜ் வந்துவிட்டது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, உங்கள் பகுதியில் சிக்னல் நன்றாக உள்ளது, நன்றி. திருப்பதியில் நான் வேலை பார்க்கிற காலேஜ் லேபில், மத்தியான டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அதைப் படித்தேன். தெலுங்கில் ஒரு தடவை, கீழே இங்கிலீஷில் ஒரு தடவை. ரெண்டு பாஷையிலும் ஒரே பொய். எங்கள் ஊருக்கு யாரும் வரவில்லை, யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆனால் தீர்ந்துவிட்டதாம்.

எங்கள் ஊர் நாகலாபுரத்திலிருந்து உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாட்டு எல்லை. அறுபது வீடு இருக்கும். வேர்க்கடலை, மாங்காய், ஏரித் தண்ணி இருந்தால் நெல். வீட்டில் தமிழ், ஸ்கூலில் தெலுங்கு, சண்டை வந்தால் ரெண்டும். நான் கல்யாணமாகி திருப்பதிக்கு வந்துவிட்டேன். என் தங்கச்சி ஊரிலேயே கட்டிக்கொண்டு, அங்கேயே ஆஷா ஒர்க்கராக இருக்கிறாள். கர்ப்பிணிகள் கணக்கு, தடுப்பூசி கணக்கு எல்லாம் அவள் கையில்.

அந்தப் புகாருக்குக் காரணமும் அவள்தான். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு எனக்குப் போன் போட்டாள். மூணு தடவை கட்டாகி நாலாவது தடவைதான் குரல் வந்தது.

"அக்கா, இங்க ஒரு பொண்ணு டிராக்டர்லயே பெத்துட்டாக்கா."

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். காலையில் அந்தப் பெண்ணுக்கு வலி வந்திருக்கிறது. தங்கச்சி பால் சென்டர் முன்னாடி நின்று ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருக்கிறாள். போனில் முழுசாக நாலு பாயிண்ட் டவர். ரிங் போனது, ஒரு பெண் எடுத்தாள்.

"'எந்த ஊரும்மா?'ன்னு கேட்டுச்சு. சொன்னேன். கொஞ்ச நேரம் தேடிக்கினே இருந்துச்சு. அப்பறம், 'இந்த ஊரு எங்க லிஸ்ட்லயே இல்லம்மா, இது எங்க ஏரியா கிடையாது'ன்னு சொல்லிச்சு. நான் மறுபடியும் போட்டேன். வேற ஒருத்தர் எடுத்து அதையே சொன்னார். மூணாவது வாட்டி பேசிக்கினு இருக்கும்போதே கட்டாயிடுச்சு. இன்னா பண்றது சொல்லு. அந்தப் பொண்ணோட நைனா டிராக்டர எடுத்துட்டார். வைக்கோல் போட்டு மேல மெத்தையப் போட்டுப் படுக்க வெச்சோம். மெயின் ரோடு ஏறுறதுக்குள்ள கொழந்த வந்துடுச்சுக்கா. கொடியோட துணியில சுத்தி மடியில வெச்சுக்கினு போனேன்."

"ரெண்டு பேரும்?"

"நல்லா இருக்காங்க. ஆஸ்பத்திரில நர்ஸம்மா பார்த்துக்கிச்சு. நான் இப்பதான் கையக் கழுவிக்கினு வந்து உனக்குப் போட்டேன்."

அன்றைக்கு நாங்கள் ரெண்டு பேரும் அந்த ஆம்புலன்ஸ் பெண்ணைத்தான் திட்டினோம். ஊர் லிஸ்டில் இல்லையாம், என்ன திமிர் என்று. போன் கட்டாவதற்குத் தனியாக, என் நம்பரிலிருந்து, போன் கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன். அந்தப் புகாருக்குத்தான் அந்த மெசேஜ்.

அரை நாள் லீவு போட்டு திருப்பதியில் இருக்கிற கம்பெனி ஆபீசுக்குப் போனேன். இந்த ஏரியா இன்ஜினியர் என்று ஒருவரிடம் அனுப்பினார்கள். என்னைவிடச் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார். லேப்டாப்பைத் திருப்பி ஒரு மேப்பைக் காட்டினார். எங்கள் ஊர் மேல் பச்சை பூசியிருந்தது.

"பச்சைன்னா சூப்பர் சிக்னல், மேடம்" என்றார் தெலுங்கில்.

"நீங்க அங்க போய்ப் பார்த்தீங்களா?"

"போகத் தேவையில்லை. சாஃப்ட்வேர் காட்டுது."

"அப்ப ஏன் பேசும்போதே கட்டாகுது?"

"ஊர்ல போனெல்லாம் பழசா இருக்கும் மேடம். நல்ல போன் வாங்கச் சொல்லுங்க." அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க என்ன பண்றீங்க?" என்றார்.

"காலேஜ்ல லேப் அசிஸ்டென்ட்."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. இதற்கு மேல் உங்களுக்கு விளக்கிப் பிரயோஜனமில்லை என்கிற சிரிப்பு. பதினாலு வருஷமாக அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். வருஷா வருஷம் பசங்கள் கடைசி வருஷ பிராஜெக்ட் என்று அரைகுறையாக ஒரு ஆப் எழுதிக்கொண்டு வருவார்கள். எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடித்துச் சரி செய்வது நான். மார்க் அவர்களுக்கு, பாராட்டு கைடுக்கு. விழா நடக்கும்போது மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கிற வேலை எனக்கு. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் என்பதே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

படியிறங்கி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அவர் சாஃப்ட்வேர் ஒன்று காட்டினால், என் சாஃப்ட்வேர் என்ன காட்டுகிறது என்று பார்த்துவிடுவோம்.

ஆப் எழுதுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பத்து செகண்டுக்கு ஒரு தடவை, போனுக்கு டவரிலிருந்து எவ்வளவு பலத்தில் சிக்னல் வருகிறது, அப்போது போன் எந்த இடத்தில் இருக்கிறது, மணி என்ன, மூணையும் எழுதி வைக்க வேண்டும். பிறகு அதை மேப்பில் புள்ளியாகக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். சிக்னல் பலம் மைனஸ் நம்பரில் வரும். மைனஸ் எண்பது என்றால் நன்றாக இருக்கிறது, மைனஸ் நூற்றிருபது என்றால் செத்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னால் கிடைக்கிற ஒரு மணி நேரத்திலும் உட்கார்ந்து மூணு வாரத்தில் எழுதி முடித்தேன்.

எங்கள் டிபார்ட்மென்ட் ஹெட் ஒரு நாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, ஆப்பா? லேப் ரெக்கார்டெல்லாம் அடுக்கியாச்சா?" என்றார்.

"அடுக்கியாச்சு சார்."

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

அவர் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

என் வீட்டுக்காரர் யாத்ரிகர் லாட்ஜ் ஒன்றில் எலக்ட்ரீசியன். பேச்சு குறைவு. ஷிஃப்டை மாற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்தார். என் போன் ஒரு துணிப்பையில், பை என் மடியில். ரேணிகுண்டா, புத்தூர், நாராயணவனம், பிச்சாட்டூர், நாகலாபுரம், அங்கிருந்து எங்கள் ஊர். தங்கச்சி வீட்டில் கூழ் குடித்துவிட்டு ஆசையாக ஆப்பைத் திறந்தேன்.

நாராயணவனத்திலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் மைனஸ் தொண்ணூற்றேழு. அதே நம்பர். மலை ஓரத்தில் மைனஸ் தொண்ணூற்றேழு, நடு வயலில் மைனஸ் தொண்ணூற்றேழு, நாகலாபுரம் கோயில் தெருவில் மைனஸ் தொண்ணூற்றேழு.

அவர் எட்டிப் பார்த்தார். "பரவால்லயே, ரோடு பூரா சமமா கொடுக்கறான்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. திரும்புகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். புத்தூரில் டீ குடிக்க நின்றபோது புரிந்தது. ஸ்கிரீன் அணைந்திருந்தால் போன் புதுசாக அளப்பதில்லை. கேட்கும்போதெல்லாம் கடைசியாக அளந்து வைத்த பழைய நம்பரையே எடுத்து நீட்டுகிறது. நாராயணவனத்தில் ஒரு போன் வந்தது, எடுத்துப் பேசிவிட்டுப் பையில் போட்டேன். அதோடு அளப்பது நின்றுவிட்டது. பதில் தெரியாத பிள்ளை பழைய பதிலையே ஒப்பிக்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் புதுசாக அளந்துதான் சொல்ல வேண்டும், அளக்க முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுதிவிட்டுச் சும்மா இரு என்று ஆப்பை மாற்றினேன். பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் ஆப்பையே நிறுத்திவிடாமல் இருக்கவும் வழி செய்தேன்.

அடுத்த ஞாயிறு தங்கச்சி போனிலும் போட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன். ரெண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

"அக்கா, இது யாரோட நம்பர்?"

"எது?"

"உன் ஆப்புல வருது. ரெண்டு ஒண்ணு நாலு ஏழு நாலு எட்டு மூணு ஆறு நாலு ஏழு. நீ யாருக்கோ பேசச் சொல்லி அனுப்பினியோன்னு போட்டுப் பார்த்தேன். தப்பு நம்பர்னு சொல்லுது."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொண்டாள். அது யாருடைய நம்பரும் இல்லை. சிக்னலை அளக்க முடியாதபோது சில போன்கள், தெரியாது என்பதற்கு அடையாளமாக அந்தப் பத்து இலக்க நம்பரைக் கொடுக்கும். என் ஆப் அதையும் நிஜமான அளவு என்று நினைத்து எழுதிவைத்து, சராசரியில் வேறு சேர்த்திருக்கிறது. அன்றைக்கு எங்கள் ஊரின் சராசரி சிக்னல் சந்திரமண்டலம் வரை எட்டும். அதையும் சரி செய்தேன். தங்கச்சிக்கு மட்டும் சமாதானமாகவில்லை. "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிட்டுப் போவேண்டியதுதான, அதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய நம்பரு?" என்றாள். அவள் சொன்னது சரிதான்.

பிறகு ஊரில் ஆறு பேர் போனில் ஏற்றினோம். பால் சென்டர்க்காரர், ரெண்டு மாந்தோப்புக்காரர்கள், அங்கன்வாடி டீச்சர், இப்படி. ரெண்டு வாரம் நடந்தார்கள், வயலுக்குப் போனார்கள், வந்தார்கள். போன் கட்டானால் மணியை ஒரு தாளில் குறித்து வைக்கச் சொல்லியிருந்தேன். தாள் நிறைந்துவிட்டது. நான் எல்லார் அளவையும் ஒன்றாகச் சேர்த்து மேப்பைத் திறந்தேன்.

ஊர் பச்சையாக இருந்தது.

அங்கே இங்கே ரெண்டு மூணு சிவப்புப் புள்ளி. மீதியெல்லாம் பச்சை. கம்பெனி மேப்பைப் பார்த்து நான் காப்பியடித்த மாதிரி இருந்தது. போன் கட்டானதாகத் தாளில் எழுதியிருந்த அதே மணியிலும் பச்சைதான். ஆப்பை மறுபடி மறுபடி சோதித்தேன். இந்தத் தடவை தப்பு எதுவும் இல்லை. சிக்னல் நிஜமாகவே பலமாக இருக்கிறது. போனும் நிஜமாகவே கட்டாகிறது.

"பேசாம அந்த சிவப்பு மட்டும் பிரிண்ட் எடுத்துக்கினு போ" என்றார் வீட்டுக்காரர். என் மேல் உள்ள பரிவில்தான் சொன்னார்.

"மாட்டேன்" என்றேன். "அவன் போகாமலே பச்சைன்னு சொல்றான். நான் போய்ப் பார்த்துட்டு சிவப்புன்னு பொய் சொன்னா, எனக்கும் அவனுக்கும் இன்னா வித்தியாசம்?"

முழுசாகப் பிரிண்ட் எடுத்து, கட்டான மணிகள் எழுதின தாளையும் சேர்த்து, அந்த இன்ஜினியரிடமே போனேன். அவர் பிரிண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்து சீட்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மேடம், உங்க ஆப்பே பச்சைன்னு சொல்லுதே! எங்களுக்கு சர்டிஃபிகேட் கொடுக்க இவ்வளவு கஷ்டப்பட்டீங்களா?"

ரெண்டு பேரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அது கேலிச் சிரிப்புதான். பிறகு ஒரு ஃபாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். புகார்தாரர் திருப்தியடைந்தார் என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

"நான் திருப்தி அடையல" என்றேன்.

"சிக்னல் இருக்குன்னு நீங்களே கொண்டாந்திருக்கீங்க."

"சிக்னல் இருக்குன்னுதான் கொண்டாந்தேன். போன் கட்டாகுதுன்னும் கொண்டாந்திருக்கேன். அந்தத் தாளை நீங்க திருப்பிக்கூடப் பார்க்கல." பேனாவை அவர் பக்கமே தள்ளிவிட்டு எழுந்து வந்தேன். ஒன்று சொல்ல வேண்டும், அன்றைக்குப் போல நிமிர்ந்து நான் எந்த ஆபீசிலிருந்தும் வெளியே வந்ததில்லை. தோற்றுப்போய்தான் வந்தேன், இருந்தாலும்.

அந்த வாரமே தனியாக பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பால் சென்டர் முன்னால், அவள் அன்றைக்கு நின்ற அதே இடத்தில் போய் நின்றேன்.

"அன்னிக்கு நடந்ததைத் திரும்பச் சொல்லு. ஒண்ணும் விடாத."

அவள் சொன்னாள். நான் அவள் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பாயிண்ட். அப்போது டிங் என்று ஒரு மெசேஜ் வந்தது. அவள் வாங்கி அழிக்கப் போனாள்.

"இரு, இன்னா அது?"

"ஆபர் மெசேஜ்க்கா. டெய்லி நாலு அஞ்சு வரும். படிக்காம அழிச்சிடுவேன்."

பிடுங்கிப் படித்தேன். தமிழ்நாட்டுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று இருந்தது.

நான் நின்றது ஆந்திரா. என் காலுக்குக் கீழே இருந்தது நாகலாபுரம் மண்டலத்து மண். எல்லை அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. போன் மட்டும் தமிழ்நாட்டில் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கிற டவரைப் பிடித்துக்கொண்டு, நாலு பாயிண்ட் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஆம்புலன்ஸ் பெண் பேசினதைத் தங்கச்சி முதல் நாளே தமிழில்தான் சொல்லிக்காட்டியிருக்கிறாள். இந்தப் பக்கத்து ஆபீசென்றால் முதலில் தெலுங்கில்தான் ஆரம்பிப்பார்கள். நாங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், அதனால் தமிழ் காதில் விழுந்தால் எங்களுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ, ஆம்புலன்ஸ் நம்பர் அந்த மாநிலத்துக்குப் போகும். பாவம் அந்தப் பெண், அவள் லிஸ்டில் எங்கள் ஊர் எப்படி இருக்கும்? அவளைத் திட்டியதற்கு அங்கேயே நின்று மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"இன்னாக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்றேன். "சிக்னல் எவ்வளவுன்னு எழுதினேன். யாரோட டவர்னு எழுதல."

ஒவ்வொரு டவரும் தான் எந்த வட்டாரத்து நெட்வொர்க் என்று ஒரு நம்பரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆந்திராவுக்கு ஒரு நம்பர், தமிழ்நாட்டுக்கு வேறு நம்பர். போன் அதைக் கேட்டுவைத்திருக்கும். நான் கேட்டால் சொல்லியிருக்கும். கேட்கவில்லை. ஆப்பில் அதற்கு ஒரு வரி சேர்ப்பதற்கு ஒரு சாப்பாட்டு இடைவேளை போதுமாக இருந்தது. ஆந்திரா டவர் பிடித்தால் நீலப் புள்ளி, தமிழ்நாடு டவர் பிடித்தால் ஆரஞ்சு.

அதே ஆறு பேர் மறுபடியும் ரெண்டு வாரம் நடந்தார்கள். இந்தத் தடவை மேப்பைத் திறந்தபோது பச்சை உரிந்து உள்ளே இருப்பது தெரிந்தது. ஊரில் முக்கால்வாசி ஆரஞ்சு. நம்ம டவர் மலைக்குப் பின்னால் இருப்பதால் அதன் சிக்னல் இங்கே வருவதற்குள் மூச்சை விட்டுவிடுகிறது. ஏரிக்கரையிலும் ஸ்கூல் பக்கமும் நீலமும் ஆரஞ்சும் மாறி மாறி. போன் அங்கே இதைப் பிடிப்பதா அதைப் பிடிப்பதா என்று தாவிக்கொண்டே இருக்கிறது. தாளில் எழுதியிருந்த கட்டான மணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். அநேகமாக எல்லாமே ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குத் தாவின செகண்டில்.

இந்தத் தடவை நான் கம்பெனி ஆபீசுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை க்ரீவன்ஸுக்குப் போனேன். ஜனங்கள் மனுவோடு வரிசையில் நின்று அதிகாரிகளிடம் நேராகச் சொல்கிற நாள். தங்கச்சியும் ஆஷா சேலையிலேயே வந்தாள். ஒரு பெண் அதிகாரி எங்கள் மனுவை வாங்கி, பிரசவ விஷயத்தைப் படித்ததும் தலை நிமிர்ந்தார். அடுத்த வாரமே கம்பெனி ஆளையும் வரச் சொன்னார். அதே இன்ஜினியர் வந்தார்.

"மேடம், இது அங்கீகாரம் இல்லாத ஆப்" என்றார் அதிகாரியிடம். "இவங்க லேப் அசிஸ்டென்ட். இந்த அளவையெல்லாம் எப்படி நம்பறது?"

அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கு முன்னால் தங்கச்சி பேசிவிடுவாளோ என்று பயம். அவள் பேசியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

"என் ஆப்பை நம்பவேண்டாம் மேடம்" என்றேன். தெலுங்கில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், ஒரு வார்த்தையும் தவறக் கூடாது என்று. "இவரோட போனை நம்பினாப் போதும். அதை எடுத்துக்கிட்டு ஒரே ஒரு தடவை எங்க ஊருக்கு வரச் சொல்லுங்க. பால் சென்டர்ல நிக்கட்டும். நான் லேப் அசிஸ்டென்ட்தான். பதினாலு வருஷமா மீட்டர் தப்பா காட்டுதா சரியா காட்டுதான்னு பார்க்கறதுதான் என் வேலை."

அதிகாரி இன்ஜினியரிடம் தேதி கேட்டார். அவர் தயங்கினார். அதிகாரியே ஒரு தேதியை எழுதிவிட்டார்.

அன்றைக்கு மண்டல ஆபீசிலிருந்து ஒருவர், இன்ஜினியர், நான், தங்கச்சி, பிறகு பாதி ஊர். ஜீப்பிலிருந்து இறங்கினதும் இன்ஜினியர் போனை எடுத்துப் பார்த்து, "நாலு பாயிண்ட் இருக்கே" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் அவர் போன் டிங் என்றது. படித்தார். முகம் மாறிற்று. மண்டல ஆபீஸ்காரர் கையை நீட்டி போனை வாங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே படித்தார். ஜனங்கள் சிரித்தார்கள்.

"இது ரொம்பச் சாதாரணம், எல்லை ஊர்னா..." என்று ஆரம்பித்தார் இன்ஜினியர்.

"சார்" என்றாள் தங்கச்சி. "உங்க ஆபீசுக்கு ஒரு போன் போடுங்க. பேசிக்கினே என்கூட ஏரிக்கரை வரைக்கும் நடங்க."

அவர் போட்டார். பேசிக்கொண்டே நடந்தார். வேப்ப மரத்தைத் தாண்டினதும், "ஹலோ? ஹலோ?" என்றார். திரும்பப் போட்டார். ஸ்கூல் சுவர்கிட்டே மறுபடியும் "ஹலோ?" தங்கச்சி அவர் பக்கத்திலேயே நடந்தாள், முகத்தில் ஒரு அசைவில்லை. "நீங்க இப்ப வலியோட படுத்துக்கினு இருக்கறதா நெனச்சுக்குங்க சார்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்காக நான் அவர் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதியை விட்டுக்கொடுத்தேன். மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. அதுவரைக்கும் சும்மா இருக்கக் கூடாது என்று நானும் தங்கச்சியும் வீடு வீடாகப் போனோம். செட்டிங்கில் போய் நெட்வொர்க்கைத் தானாகத் தேடவிடாமல், நம்ம பக்கத்து நெட்வொர்க்கையே கையால் தேர்ந்தெடுப்பது எப்படி என்று காட்டினோம். பாயிண்ட் குறையும், ஒன்றுதான் காட்டும், ஆனால் ஆம்புலன்ஸுக்குப் போட்டால் தெலுங்கில் எடுப்பார்கள் என்று சொன்னோம். "நாலு இருக்கும்போது ஒண்ணு எதுக்கு?" என்று கேட்ட பெரியவர்கள் உண்டு. ஏழெட்டு மாதத்தில் வந்த அடுத்த பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் பால் சென்டர் வரைக்கும் வந்தது. தங்கச்சி எனக்கு போட்டோ அனுப்பினாள். போட்டோவில் ஆம்புலன்ஸ் மட்டும்தான், ஆள் யாரும் இல்லை.

அதற்கப்புறம்தான் கம்பெனிக்காரர்கள் மலைச் சரிவில் ஒரு சின்ன டவர் வைத்தார்கள். ஆரஞ்சு பெரும்பாலும் நீலமாகிவிட்டது. ஏரிக்கரை ஓரம் நாலு வீடு மட்டும் இன்னும் ஆரஞ்சு. பிரச்சினை முழுக்கத் தீர்ந்தது என்று என்னை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வீடு பாக்கி என்று எழுதி, மேப்பையும் ஒட்டி அனுப்பினேன். மாதத்துக்கு ஒரு தடவை அதையே அனுப்புகிறேன்.

காலேஜிலும் விஷயம் தெரிந்துவிட்டது. டிபார்ட்மென்ட் ஹெட் ஒரு நாள் ரூமுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதினாலு வருஷத்தில் முதல் தடவை. நம்ம காலேஜ் பிராஜெக்ட் என்று இதைப் போட்டுவிடலாம், கைடு என்று தன் பெயர், கீழே உதவி என்று என் பெயர், என்றார்.

"வேண்டாம் சார்."

"உனக்கும் நல்லதுதானம்மா."

"இதை எழுதினது நான். நடந்து அளந்தது எங்க ஊர்க்காரங்க ஆறு பேரு. கைடு யாரும் இல்ல சார்."

அடுத்த வாரம் என்னை மாடியில் இருக்கிற பழைய லேபுக்கு மாற்றினார்கள். ஃபேன் ஒன்றுதான் ஓடுகிறது. ஆனால் ஜன்னல் இருக்கிறது, மத்தியானத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, வேலை நன்றாக நடக்கிறது.

ஏர்பேடு பக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள், எங்க ஊரும் மேப்பில் பச்சையாத்தான் இருக்கு மேடம், ரேஷன் மிஷினில் விரல் வைக்க ஊரே மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கு என்று. அது எல்லை ஊர் இல்லை, அங்கே காரணம் வேறாக இருக்கும். ஆப்பை அனுப்பினேன். போன வாரம் அவர்கள் போனில் ஏதோ அப்டேட் வந்து, திறந்ததுமே ஆப் மூடிக்கொள்கிறதாம். லொகேஷன் கேட்கிற முறையை மாற்றியிருக்கிறார்கள் போல. அதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும். ஆகாவிட்டால் அடுத்த ஞாயிறு.